டாக்டரின் ஸ்க்ரூவை ரிஜெக்ட் செய்த எங்கள் அக்கா

உறவுகளே, நண்பர்களே! அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இதை நான் அழுதுகொண்டே எழுதுவேன் என்று நினைத்தீர்களா? அவரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் உற்சாகம்தான் பொங்கி வருகிறது. அவர் அப்படிப்பட்டவர்!

திருமுல்லைவாயிலில், கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்க்ரூ செய்யும் பட்டறை ஒன்றில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். ஸ்க்ரூவைச் சுற்றி ஓடும் மரை ஒரு சுற்றுக் குறைந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ரிஜெக்ட் பெட்டியில் போய் விழும். முதலாளியே கெஞ்சினாலும் எடுக்க மாட்டார். அந்தச் சம்பளத்தில்தான் தங்கையான என்னை டீச்சராக்கினார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு காலை, ரயில் நிற்பதற்குள் இறங்கி பிளாட்பாரத்தில் விழுந்தார். இடுப்பு மூட்டருகே எலும்பு முறிவு. "எண்ணெய்க் கட்டு போட்டாப் போதும், கத்தி வெக்காதீங்க" என்று உறவெல்லாம் கூடிச் சொன்னது. வந்ததே அக்காவுக்குக் கோபம்! இதே முறிவுக்குக் கட்டுப் போட்டு, நாலு வருஷம் படுத்த படுக்கையாய்க் கிடந்த எங்கள் அத்தைக்குப் பீ மூத்திரம் அள்ளியவர் அவர்.

"அத்தெ மாரி நான் கெடக்க மாட்டேன்டி! பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

அங்கே டாக்டர், "தொடை எலும்போட தலை, பந்து மாதிரி இருக்கும். அதோட கழுத்து உடைஞ்சிருக்கு. இன்னிக்கே மூணு ஸ்க்ரூ போட்டு இறுக்கணும். தள்ளிப்போட்டா பந்துக்கு ரத்தம் போகாம செத்துடும், அப்புறம் நடக்கறது கஷ்டம்" என்று ஒரு ஸ்க்ரூவைக் காட்டினார். அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? நுனியிலதான் மரை கீது, மீதி மொழுக்குனு கீது. பாதியில வுட்ட பீஸு. எங்க பட்டறையா இருந்தா ரிஜெக்ட்டு! இத்த எனக்குப் போடாதீங்கோ."

கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவைத் தள்ளிவிட்டார்! ஸ்ட்ரெச்சர் தயார், தியேட்டர் தயார், நேரமோ ஓடுகிறது. நான் காலில் விழாத குறை. அவர் கணவர், எங்கள் மாமா, "இங்கயும் வந்து செக்கிங்கா? போட்டுத் தொலையேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஊஹூம்.

டாக்டர் கோபப்படவில்லை, புண்ணியவான்! கட்டில் ஓரம் உட்கார்ந்தார். "முழுக்க மரை இருந்தா, ரெண்டு துண்டையும் அதே இடைவெளியோட பிடிச்சு நிக்கும்மா. இதுல மரை பந்தை மட்டும் கவ்வும். மொழுக்கான பாகம் இந்தப் பக்கத்து எலும்புல வழுக்கும். திருகத் திருக..."

"பந்து இஸ்துகினு வந்து ஒட்டிக்கும்!" என்று அக்காவே முடித்துவிட்டார். "அட, இத்தப் போயி ரிஜெக்ட்டுன்னேனே! குடு சார் பேனாவ!" அந்த வலியிலும் அவர் சிரித்த சிரிப்பை என்னவென்று சொல்வேன்!

மூன்று மாதம் அந்தக் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். ஒரு நாள்கூட அவர் ஏமாற்றவில்லை. வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில் சமையலறைவரை வந்து என் ரசத்தைக் குறை சொன்னார். பிறகு எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "ஊனுங்கம்மா" என்றார். ஊன்றினார். நடந்தார்! வராந்தாவில் பத்தடி போய்த் திரும்பி, "பாஸு!" என்றார். நர்சம்மாக்கள் கைதட்டினார்கள். அதன்பின் பல ஆண்டுகள் அதே காலோடு பட்டறைக்குப் போய்வந்தார்.

பொறுமையாய் விளக்கிய அந்த டாக்டருக்கும், ரத்தம் கொடுத்த பட்டறைத் தோழியருக்கும், கட்டுப் போடச் சொன்னாலும் ஆஸ்பத்திரி வாசலில் எங்களோடு பசியோடு காத்திருந்த உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வயதான காலத்தில் அக்கா படுத்துவிட்டால் நானே அள்ள வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன். அவர் எனக்கு அந்த வேலையே வைக்கவில்லை. சென்ற ஆண்டு ஒரு மாலை கடைக்கு நடந்து போய், கீரை வாங்கிவந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், எழவில்லை.