நீட்டிய கை நடுங்கவில்லை

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அங்கே ஆண்டுக்கொரு முறை உடம்புப் பரிசோதனை நடக்கும். தேறாதவர் 'அன்ஃபிட்', அவருக்கு வண்டி கிடையாது. அதனால் டாக்டர் என்று யாரைக் கண்டாலும் இவருக்கு நெஞ்சு தானாக நிமிர்ந்துவிடும். வயிற்றுவலிக்குப் போனாலும் நல்லா இருக்கேன் என்பார். அப்புறம் எதற்குத்தான் போகிறோமோ!

இப்போது போவது மனநல மருத்துவரிடம். ஊர் திரும்பிய புதிதில் இரவெல்லாம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருமுறை தூக்கத்தில் என் கழுத்தைப் பிடித்துவிட்டு விடிய விடிய அழுதவர், தூங்குகிறார் என்றால் அது டாக்டரம்மா தந்த மாத்திரையால்தான். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் மாத்திரை அளவு மீறினால் கை நடுங்கும் என்றும் அவரே சொல்லியிருந்தார். அதற்காகத்தான் ஒவ்வொரு தடவையும் இரண்டு கையையும் நீட்டச் சொல்வார்.

வீட்டில் டம்ளர் தண்ணீர் பாதி தரைக்குத்தான் போகிறது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். அங்கே போனால் மட்டும் முழங்கையை இறுக்கி, மூச்சைப் பிடித்து, சுவரை முறைத்தபடி நீட்டுவார் பாருங்கள், கல் தோற்றது போங்கள். போன தடவை டாக்டரம்மா திருப்தியாகத் தலையாட்டி, அடுத்த முறையும் இப்படியே இருந்தால் ஒரு மாத்திரை கூட்டலாம் என்றார். இவர் இப்போது ஓட்டுவது பேக்கரி வேன். பள்ளிக்கூடத் தெருவழியாகத்தான் தினமும் போகிறார்.

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"சொன்னா மாத்திரை போயிடும், வேனும் போயிடும். சொல்லலைன்னா கை போயிடும். எந்தப் பக்கம் போகச் சொல்றே?"

இன்று மறுபடி அதே அறை, அதே பச்சைத் திரை. நெஞ்சைப் பார்ப்பதற்காக அவர் சட்டைப் பொத்தான்களை நான் கழற்றிவிட்டேன். கையை நீட்டினார், துளி நடுக்கம் இல்லை. டாக்டரம்மா குனிந்து எழுதத் தொடங்கினார். வழக்கமாக அப்போதுதான் நான் எழுந்து போய்ப் பொத்தான் போட்டுவிடுவேன். இன்று எழவில்லை. இவர் கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

பொத்தானோடு அவர் மல்லுக்கட்டினார். துளை ஒரு பக்கம் இருக்க, விரல் ஒரு பக்கம் போனது. டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அந்த விரல்களையே பார்த்தார். அதைக் கண்டதும் இவர் கைகளை உடம்போடு ஒட்டி, திறந்த சட்டையோடு விறைப்பாக நின்றார்.

"அன்ஃபிட்டா, மேடம்?"

டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார். உடனே ரத்தப் பரிசோதனை, முடிவு வரும்வரை மாத்திரை கூடாது, வண்டியையும் தொடக்கூடாது என்று நிதானமாகச் சொன்னார். காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

நடைவழியில் அத்தனை பேர் முன்னாலும் நின்று அவருக்குப் பொத்தான்களைப் போட்டுவிட்டேன். அவர் வேன் சாவியை என் கையில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இன்னிக்கு ராத்திரி மாத்திரை இல்லை, நீ உள் ரூம்ல படுத்துக்கோ," என்றார். "தாழ்ப்பாள் போட்டுக்கோ. நான் கூப்பிட்டாலும் திறக்காதே."