கட்டில்காரியின் நான்காவது கேள்வி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி எண்ணி வாங்கும் பதிவேட்டுக்காரி நான். துணி பிரிக்கும் அக்கா ஒன்பது வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்கப் படிவம் கொடுத்தார்கள். தேறாதவருக்கு மாதக் கடைசியோடு சீட்டு கிழியும். நான்காவது கேள்வி ஆங்கிலத்தில் இருந்தது: நீங்கள் 'பிரிங் அபௌட்' செய்த மாற்றம் என்ன?

அக்கா 'ஒன்றுமில்லை' என்று எழுதி வைத்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கிறீங்களே! அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா?"

"மாத்தம் கொண்டு வர்றதெல்லாம் ஆபீசருங்க வேலைடி. நான் துணி உதறுறவ."

"அய்யோ! அது தானா நடந்ததுக்குச் சொல்ற வார்த்தை இல்லக்கா. ஒருத்தர் ஒண்ணு செஞ்சு, அதனால நிலைமையே மாறுச்சுன்னா சொல்றது. நல்லதுக்கும் சொல்வாங்க, கெட்டதுக்கும் சொல்வாங்க. ஆபீசருக்குன்னு பட்டா போட்டா வச்சிருக்கு? அந்தக் கட்டில இழுத்துட்டு வந்தது யாரு?"

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

முன்பெல்லாம் படுக்கை விரிப்புக்குள் மருந்தூசிகள் சுருண்டு வரும். பிரிக்கிற கையில் குத்தும். ரத்தப் பரிசோதனை, நோய் தொற்றியிருக்குமோ என்று மூன்று மாதம் பயம். அக்காவுக்கே இரண்டு முறை குத்தியது. ஒருநாள் குப்பைக்குப் போகவிருந்த கம்பிவலைக் கட்டிலை இழுத்து வந்து, அதன்மேல் துணியைக் கொட்டி, குச்சியால் பிரித்து உதறினாள். ஊசிகள் வலை வழியே கீழே வைத்த தட்டில் விழுந்தன. 'கட்டில்காரி' என்று நாங்கள் கேலி செய்தோம். பிறகு எல்லோரும் அப்படியே செய்தோம். வெட்கக்கேடு, அவளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

'ஒன்றுமில்லை'யை அடித்துவிட்டுக் கட்டிலைப் பற்றி நான்கு வரி எழுத வைத்தேன்.

ஊசி குத்தியவர்களைப் பதினைந்து நாளுக்கொரு பக்கமாக நான் குறித்து வைக்கும் காயப் பதிவேட்டோடு, நேர்காணலுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். அக்காவின் கை என் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது.

"ரெண்டு வருஷமா காலியா இருக்கே? எழுதாம விட்டீங்களா?"

"கட்டில் வந்ததுலேருந்து யாருக்கும் குத்தலைங்க" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

அவர் அக்காவை ஏறிட்டுப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அக்கா படியில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

"ஏண்டி, எத்தன வெத்துப் பக்கம் இருந்துச்சு?"

"நாப்பதுக்கு மேலக்கா."

"அம்புட்டும் குத்துப்படாத நம்ம கைங்கடி" என்றாள்.