லோடாகாத வீடு

கார் நிறுத்தும் அடித்தளத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து பொத்தானை அமுக்குவதுதான் அவருடைய வேலை. அமுக்கினால் தடுப்புக் கம்பி எழும்பும், கார் வெளியே போகும். வந்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு மனுஷர் மட்டும் உள்ளேயே இருப்பார். அங்கே எல்லோருக்கும் அவர் கேட்டுக்காரர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மனைவி பிரிந்துபோய்விட்டாள், மகளையும் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்கு.

போகட்டும், அந்தச் சண்டையை இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது? அவருக்கென்று மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் பாப்பா கம்ப்யூட்டரில் வீடு கட்டும் விளையாட்டு விளையாடலாம், அப்பாவும் சேர்ந்துகொள்ளலாம் என்று அவள் அம்மா மனம் இறங்கியிருந்தாள். ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும் திரைக்குள் இருவருக்கும் ஒரே உலகம். பேச்சும் அதற்குள்தான், உள்ளே நுழைந்தால்தான் ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்கும்.

நுழைவதுதான் பெரும்பாடாய்ப் போயிற்று. அவருடைய பழைய லேப்டாப் முதலில் ஒழுங்காகத்தான் இருந்தது. போகப்போக 'லோடிங்' கோடு நகர மறுத்தது. பாதியில் நிற்கும். கொஞ்சம் நகர்ந்து மறுபடி நிற்கும். இவர் திரையை முறைத்துக்கொண்டே இருப்பார். ஒருவழியாக உள்ளே போனால், "அப்பா, அம்மா கூப்பிடறாங்க" என்று பாப்பா கிளம்பிக்கொண்டிருப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள்: "நீ லேட்டாத்தான்ப்பா வர்ற. அடுத்த வாரமும் இப்படின்னா, நான் ஃப்ரெண்ட்ஸோட விளையாடிக்கட்டுமா?"

கோபமே இல்லாமல் கேட்டாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அன்றிலிருந்து லேப்டாப்போடு மல்லுக்கட்டினார். தேவையில்லாததையெல்லாம் அழித்தார். பின்னால் ஓடிக்கொண்டிருந்த மற்ற புரோகிராம்களை நிறுத்தினார். காற்றாடியில் அடைத்திருந்த தூசியை ஊதி, அது தன் கண்ணிலேயே விழுந்து, அரை நாள் ஒற்றைக் கண்ணோடு கம்பியைத் தூக்கி இறக்கினார். படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தார். எதுவும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்குப் போனார்.

கடைக்காரப் பெண் திறந்து பார்த்தாள்.

"இதுல கிராஃபிக்ஸுக்குன்னு தனி கார்டு கிடையாதுண்ணா. இருக்கற மெமரியிலதான் அதுவும் பங்கு கேக்கும். ஒரே அடுப்புல ரெண்டு குடும்பம் சமைக்கற கதைதான்."

"மெமரிய ஏத்த முடியாதா?"

"போர்டோட ஒட்டியே வந்திருக்கு. வழியில்ல." அவள் விளையாட்டைத் திறந்து, புதிதாக ஓர் உலகத்தை உண்டாக்கினாள். வெறும் புல்வெளி. சட்டென்று வந்து நின்றது. அவருக்கு வாய் பிளந்துவிட்டது. பிறகு அவருடைய உலகத்தைத் திறந்தாள். கோடு பாதியிலேயே நின்றது. காத்திருந்து காத்திருந்து உள்ளே போனதும், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வீட்டுக்குள்ள இத்தனை பூனைய யாருண்ணா விட்டது?"

"பாப்பாவுக்குப் பூனைன்னா உயிர். அங்க வளக்க விடமாட்டாங்களாம்."

பூனைகள் மட்டுமா? வேலை முடிந்து வந்ததும் அவர் செய்ததெல்லாம் இதுதான். ஒவ்வொரு வாரமும் பாப்பாவுக்கு ஒரு புது அறை. அவள் தூரத்திலிருந்தே வீட்டைக் கண்டுபிடிக்கட்டும் என்று கூரை முழுக்க விளக்கு. சுற்றிலும் ஓடும் தண்ணீர். கையை நீட்டினால் எதிர்ச்சுவர் தட்டுப்படும் வாடகை அறையில் உட்கார்ந்துகொண்டு, மாளிகையே கட்டியிருந்தார்.

அவர் முகத்தைப் பார்த்ததும் கடைக்காரப் பெண் சிரிப்பை நிறுத்தினாள். "மெஷின் மேல தப்பில்லண்ணா. இத்தனையையும் அது ஒவ்வொரு தடவையும் தூக்கிட்டு வரணும். இடிச்சீங்கன்னா சரியாயிடும்."

வேறு வழி? இடித்தார். கட்டும்போது இல்லாத களைப்பு இடிக்கும்போது வந்தது. விளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். விளையாட்டுப் பூனைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், ஆனாலும் கண் கலங்கத்தான் செய்தது. ஒரு பூனையையும் ஓர் அறையையும் விட்டுவைத்தார். விளையாட்டில் பார்வை எட்டும் தூரத்தையும் கடைசி அளவுக்குக் குறைத்தார். நாலடிக்கு அப்பால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை மூட்டம். அடித்தளக் கூண்டு இங்கேயும் வந்துவிட்டதா என்று எரிச்சலாக இருந்தது.

ஞாயிறு வந்தது. கோடு ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் மகள் வருவதற்கு முன்பே வந்து நின்றார். இடித்ததை எப்படிச் சொல்வது? மூட்டத்துக்குள்ளிருந்து பாப்பா வந்தாள்.

"அப்பா! வந்துட்டியா!" அவள் அப்படியே நின்றாள். "வீடு எங்கப்பா?"

"இடிச்சிட்டேன்மா. அதனாலதான் எனக்கு லோடாகல. உன் பூனையெல்லாமும்... ஒண்ணுதான் மிச்சம். கோவமா?"

"அய்ய, இல்லப்பா. நான் அந்த ரூமுக்கெல்லாம் போனதே இல்ல."

"ஒண்ணுக்குக்கூடவா?"

"உள்ள போயிட்டா நீ வர்றது தெரியாதுல்ல? நீ வர்ற வரைக்கும் வாசல்லயேதான் நின்னுட்டிருப்பேன்."

கீபோர்டின் மேல் அவர் வைத்த விரல் அப்படியே இருந்தது. திரைக்குள் அவர் உருவமும் அசையாமல் நின்றது. பாப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அப்பா? மறுபடியும் ஹேங் ஆயிடுச்சா?"

"இல்லடா," என்றார். "இருக்கேன்."