வழியில் கடை இல்லாமலா போகும்

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எங்கள் கட்டடத்துக்குக் கீழேயே க்ராசரி கடை. போன் அடித்தால் லபன் என்கிற மோர் ஒரு பாக்கெட்டுக்குக்கூட ஆள் மேலே ஏறி வருவார். வெள்ளி, ஞாயிறு என்றெல்லாம் பேதம் கிடையாது. அங்கேயே பாதி ஆயுளைக் கழித்த என் வீட்டுக்காரருக்கு உலகமே இப்படித்தான் என்று நினைப்பு. லீவுக்குப் போன ஆஸ்திரியாவில் டான்யூப் ஆற்றங்கரையோரம் சைக்கிளில் கிளம்பிய இரண்டாம் நாள், நான் பையில் வைத்த பேரீச்சம்பழத்தை எடுத்து அறையிலேயே வைத்துவிட்டார்.

"எதுக்கும்மா இவ்ளோ சுமை? வழியில க்ராசரி இல்லாமலா போகும்?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பக்கத்தில் ஞாயிறென்றால் கடைக்காரர்கள் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. முதல் கிராமத்தில் பூட்டைப் பார்த்துச் சிரித்தோம். அடுத்த கிராமத்திலும் பூட்டுதான். பரவாயில்லை என்று மிதித்தோம். பாதை அப்படி: ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் திராட்சைத் தோட்டம், கோடையிலும் வியர்க்காத காற்று. நான் முன்னால், அவர் பின்னால். ஷார்ஜா பூங்காவில் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி ஓட்டியவளுக்கு, திரும்பாமல் நேராகப் போய்க்கொண்டே இருப்பதில் தலைகால் புரியவில்லை.

ஒரு படகுத்துறையில் நிறுத்தி, "அக்கரைக்குப் போய் ஓட்டலாமா?" என்றேன். "சரி" என்றார். "வேணாம், இந்தக் கரையே நல்லாருக்கு." அதற்கும் "சரி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதற்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டிய மனிதரில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் குளிர்காற்றில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது.

அவர் சர்க்கரை நோயாளி. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர். சர்க்கரை இறங்கிவிட்டது. அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். தோட்டத்தில் ஒரு பெண்மணி புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். படித்த ஆங்கிலமெல்லாம் எங்கே போனதோ! "சுகர்! ஹஸ்பண்ட்! ஜல்தி, ஜல்தி! யல்லா!" என்று இந்தியும் அரபியுமாகக் கத்தினேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, உள்ளே போய் ஒரு ஜாம் பாட்டிலும் கரண்டியுமாக, செருப்புகூடப் போடாமல் என்னோடு ஓடி வந்தார்.

ஆப்ரிகாட் ஜாம். கரண்டி கரண்டியாக ஊட்டினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். ஆற்றில் ஒரு நீளப் படகு மெதுவாகக் கடந்து போனது. அது வளைவில் மறைந்தபின்தான் அவர் முகத்தில் களை வந்தது. போன உயிர் எனக்கும் திரும்பி வந்தது. அந்தப் பெண்மணி பாட்டிலை எங்களிடமே விட்டுவிட்டு, என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"ரெண்டாவது ஊர் தாண்டினப்பவே லேசா படபடன்னு வந்துச்சு."

"வாயத் தெறந்து சொல்றதுக்கென்னங்க?" அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"நீ முன்னாடி பாடிக்கிட்டே போயிட்டிருந்தே. இத்தன வருஷத்துல நீ பாடி நான் கேட்டதே இல்ல. நிறுத்தச் சொல்ல மனசு வரல."

நான் பாடினேன் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இனிமே நீங்க முன்னாடி போங்க" என்றேன்.

"அப்ப பாட்டு?"

"பின்னாடியிருந்து பாடுறேன். கேக்கும்."