குடை பிடிக்க வந்தவள்

ஆகஸ்ட் பதினைந்து என்றாலே எனக்கு இன்றைக்கும் ஆகாது. கொச்சி மட்டாஞ்சேரியில் எல்லோரும் சட்டையில் கொடி குத்திக்கொண்டு ஊர்வலம் பார்க்கப் போவார்கள். நான் மட்டும் பிறர் என்னைப் பார்ப்பதற்காகப் போவேன்.

எங்கள் தமிழ்க் குடும்பங்களில் அப்படி ஒரு வழக்கம். பெண் பார்க்க வீட்டுக்கு வந்து பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு வேண்டாம் என்று சொன்னால் தெருவே பேசும். அதனால் ஊர்வலத்தன்று பெண் ஜவுளிக்கடை வாசலில் நிற்க வேண்டும். பையன் வீட்டார் எதிர்ச்சாரியில் நிற்பார்கள். பிடித்திருந்தால் பையனின் அம்மா ரோட்டைக் கடந்து வந்து நம்மோடு நின்று வாணவேடிக்கை பார்ப்பாள். பிடிக்காவிட்டால் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடுவார்கள். யாருக்கும் அவமானம் இல்லையாம். எனக்கு இருந்ததே, அதை யார் கேட்டார்கள்?

எழுபதுகளின் கடைசி. எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை வந்தவர்கள் எல்லோரும் கூட்டத்தோடு போனவர்கள்தான். இந்தத் தடவை எர்ணாகுளத்து வரன், பாங்கு வேலை. "இதுவும் போச்சுன்னா நான் இனிமே யார்கிட்டேம்மா போய்க் கேக்கறது?" என்று அப்பா காலையிலேயே கண் கலங்கினார்.

அன்றைக்குப் பார்த்து விடாத மழை. என் பட்டுப்புடவை நனைந்துவிடுமே என்று அம்மாவுக்குக் கவலை. அக்காவைக் காட்டும்போது தங்கையைக் கண்ணில் படாமல் உள்ளே உட்கார்த்திவைப்பதுதான் எங்கள் வீட்டு முறை. அம்மா அதை மறந்தாளா, தெருவில் அதெல்லாம் வேண்டாம் என்று நினைத்தாளா, தெரியாது. "ஏண்டி, சும்மாதானே இருக்கே? வந்து அக்காவுக்குக் குடையைப் பிடி" என்று தங்கையையும் இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் தலையைக்கூட ஒழுங்காக வாரியிருக்கவில்லை.

ஊர்வலம் வந்தது. பேண்டுச் சத்தம் மழையில் அமுங்கிப்போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காகிதக் கொடிகளில் சாயம் ஒழுகியது. லாரி மேல் ஒரு பாரதமாதா, கிரீடம் சரிந்து, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றாள். அவளையும் இப்படி நிற்கவைத்துவிட்டார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. தங்கைக்கு ஒரே சிரிப்பு. "அக்கா, பாரதமாதாவுக்கு ஜலதோஷம் பிடிக்கப்போறது!" என்று அவள் குலுங்க, குடை ஆடி என் தோளெல்லாம் நனைந்தது.

"வாயை மூடிண்டு நேரா பிடிடீ" என்றேன்.

ஊர்வலம் முடிந்தும் எதிரே நின்ற குடும்பம் போகவில்லை. அப்பா என் காதருகே, "நிக்கறா, பாரு, நிக்கறா" என்றார். இருட்டத் தொடங்கியதும் படகுத்துறைப் பக்கமிருந்து முதல் வாணம் சீறிக் கிளம்பி, நமுத்துப்போய்ப் பாதியில் விழுந்தது. கூட்டம் கூவிச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே பையனின் அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தாள். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். கடவுளே, முடிந்தது, இனிமேல் இந்த வாசலில் நிற்க வேண்டாம்.

அவள் என்னைத் தாண்டிப் போய்த் தங்கையின் மோவாயைத் தொட்டாள். "கொழந்தே, நீ என்ன படிச்சிருக்கே?"

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். அடுத்த வாணம் நன்றாகவே வெடித்தது.

"ஒண்ணாவது கரையேறட்டுமே" என்று வீடு திரும்பும் வழியில் அப்பா மெல்லச் சொன்னார். தங்கை மாட்டேன் என்று அழுதாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தை மாதம் கல்யாணம். தங்கை முந்திவிட்ட வீட்டில் அக்காவுக்கு ஏதோ குறை என்று ஊர் முடிவு கட்டியது. அதற்குப் பிறகு எனக்கு வரன் என்று எவரும் வரவில்லை.

மறு ஆகஸ்டில் அவள் வயிற்றுப்பிள்ளையோடு வந்திருந்தாள். வாணவேடிக்கை பார்க்க ஆசைப்பட்டாள். அதே கடை வாசல், அதே மழை. எதிர்ச்சாரியில் எனக்காக யாரும் நிற்கவில்லை. அவள் நனையாமல் இருக்க நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.