லைன் எங்கேஜ்

கணினியில் என்ன கோளாறு என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: "அணைச்சுட்டு மறுபடி போடுங்க." என் தொழில்நுட்ப ஞானம் அவ்வளவே. நேற்று, வெளிநாட்டில் இருக்கும் மகளின் முகம் திரையில் பாதிப் பேச்சோடு உறைந்து நின்றதும், அந்த வைத்தியத்தை எனக்கே செய்துகொண்டேன். வைஃபை பெட்டியை அணைத்தேன். சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் என் வீடு மொத்தமும் அமைதியாகிவிட்டது.

அந்த அமைதிக்குள், நினைவில் எங்கள் பழைய மோடம் கீச்சிட்டது. சிறுவயதில் நாங்கள் இருந்த சிராங்கூன் சாலை வீட்டில் இருந்தது ஒரே டெலிபோன் லைன். நான் இணையத்தில் ஏறினால் போன் செத்துவிடும். நடிகர் படம் ஒன்றை இறக்குவேன். அது மேலிருந்து வரிவரியாக வரும். மூக்கு தெரிவதற்குள் பக்கத்து ஃபேரர் பார்க்கிலிருந்து அத்தை நேரிலேயே வந்துவிடுவார், கையில் வடைப் பொட்டலத்தோடு.

"எப்பப் போட்டாலும் எங்கேஜ் லா! உயிரோட இருக்கீங்களான்னு பாக்க வந்தேன்."

"இவன் கம்ப்யூட்டர்ல படிக்கிறான் அண்ணி," என்பார் அம்மா.

அத்தை திரையை எட்டிப் பார்ப்பார். "நெத்தி மட்டுந்தானடா தெரியுது, அதையா படிக்கிற?"

பிறகு வீடெங்கும் வடை வாசம். சாப்பிட்டு, கதை பேசி, இருட்டிய பிறகுதான் கிளம்புவார்.

இப்போது என் லைன் எங்கேஜ் ஆவதே இல்லை. எந்நேரமும் கிடைக்கும் ஆளை யார் தேடி வருவார்கள்?

நேற்று வைஃபை பெட்டியை உடனே போடவில்லை. கைபேசியையும் அணைத்துவிட்டு, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். லிஃப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது. சட்டையைச் சரிசெய்துகொண்டேன். அது என் மாடியைத் தாண்டிப் போனது.

எழுந்து பெட்டியைப் போட்டேன்.