வெள்ளை ஏறாத நீலம்

செல்வநாயகியின் வலது முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது. கடப்பாரை அடி. அடித்தவன் அவள் கணவனின் அண்ணன் கோவிந்தராசு. அந்த அடிக்குக் காரணமான பெயிண்ட் என் கடைச் சரக்கு. சொல்ல எனக்கென்ன வெட்கம்? அந்தக் கலரை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். வேறு எவனுக்கும் அது தோன்றியிருக்காது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளையடித்துத் திரிந்தவன், விருத்தாசலம் கடைவீதியில் சொந்தமாகப் பெயிண்ட் கடை வைத்தேன். காலேஜ் வாத்தியாரே என்னிடம் வந்து, ஹாலுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

செல்வநாயகி பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிறவள். கணவன் அர்ச்சுனன் சேத்தியாத்தோப்பு ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். அவன் உயிரோடு இருக்கும்போதே அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிந்துவிட்டது. நீளமான ஒரே கூடம், நடுவில் தடுப்பு கிடையாது. சொந்தக்காரப் பெரியவர் பழமலைநாதன் ஆணியால் சுவரில் மேலிருந்து கீழாக ஆழமாக ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் அவனுக்கு என்று முடித்துவிட்டார்.

தம்பி செத்த பிறகு கோவிந்தராசு பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்படித்தான். கோடு அடைபட்டு மறைந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் கட்டில் இவள் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. பின்னாலேயே நெல் மூட்டை, சைக்கிள். கேட்டதற்கு மயிரைப் பிடித்து வாசல்வரை இழுத்து வந்து போட்டான்.

“கோடு எங்க இருக்குது, காட்டுடி பாப்போம்!”

எங்கும் வெள்ளை. எதைக் காட்டுவாள்?

இரண்டாயிரத்து ஆறு பொங்கலுக்கு முன்னால் கிழிந்த உதட்டோடு கடைக்கு வந்தாள்.

“மொதலாளி, வெள்ளையடிச்சா மறையாத கலரு ஒண்ணு குடுங்க.”

“அப்படின்னா கருப்புதான்.”

“சாமி படம் மாட்டுற செவுத்துல கருப்பாங்க? இருக்குற சண்ட போதாதா?”

யோசித்தேன். கருநீல எனாமல் டப்பாவைத் திறந்து காட்டினேன். ஆழக் கிணற்றை எட்டிப் பார்த்தது போல இருக்கும், பார்க்கவே உடம்பு குளிரும். அப்போது எங்கள் ஊரில் எவனும் வீட்டுக்குள் அடிக்காத கலர். எண்ணெய்ப் பெயிண்டின் மேல் சுண்ணாம்பு நிற்கவே நிற்காது.

“ஆனா ஒண்ணும்மா. பழைய சுண்ணாம்ப, உள்ள இருக்குற பூச்சு தெரியிற வரைக்கும் சொரண்டு. இல்லன்னா பெயிண்டு உரிஞ்சி வந்துடும்.”

கோவிந்தராசு திட்டக்குடிக்குப் போயிருந்த நாளில் தகட்டை வைத்துச் சுரண்டினாள். தன் பக்கத்தில் தொடங்கி, அவனுடைய கட்டிலுக்குப் பின்னால் வரும்போது அடைபட்டிருந்த ஆணிக்கோடு வெளியே வந்தது. அவ்வளவு இடத்தைத் தின்றிருக்கிறான்! கட்டிலைத் தூக்கி வாசலில் எறிந்துவிட்டு, அந்தக் கோடு வரைக்கும் நீலத்தை அடித்து முடித்தாள்.

வந்தவன் முதலில் அறைந்தான். அவள் கையிலிருந்த தகட்டால் கன்னத்தில் ஒரே இழுப்பு. ரத்தம் சட்டையில் வழிய வழிய, சுண்ணாம்பைக் கரைத்து நீலத்தின் மேல் அடித்தான். காயக் காய அது அப்பளமாக உரிந்து விழுந்தது.

“சுடுகாட்டுக் கொட்டாயா கட்டுற, முண்ட!” என்று கடப்பாரையை எடுத்துக் கோட்டுப் பக்கம் பூச்சைப் பெயர்க்கப் போனான்.

அவள் கோட்டின் மேலேயே முதுகைக் கொடுத்து நின்றாள்.

“மொதல்ல என்ன இடி, மாமா.”

இடித்தான். தடுத்த கையில் எலும்பு முறிந்த சத்தம் தெருவுக்குக் கேட்டது என்பார்கள். கீழே விழுந்தவள் அவன் கெண்டைக்கால் சதையைக் கவ்விக்கொண்டாள், விடவே இல்லை. கலர் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன்; கூச்சல் கேட்டு ஓடிய கூட்டத்தில் முதல் ஆளாக உள்ளே நுழைந்தவன் நான். அறுபது தாண்டிய வயதிலும் அவன் கழுத்தில் ஒரு பிடி போட்டேன். கடப்பாரை தானாக விழுந்தது.

பழமலைநாதனைக் கூட்டி வந்தார்கள். கிழவர் கோட்டுக்குள் நகத்தை விட்டு மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தார். “இது நான் கிழிச்சதுதான்டா, களவாணி” என்று கூட்டத்தின் நடுவிலேயே அவன் முகத்தில் துப்பினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் தன் பக்கத்துக்குப் போனான்.

மாவுக்கட்டுக் கையோடு நின்று அவளே ஆள் வைத்துக் குறுக்குச் சுவர் எழுப்பினாள். கொத்தனார் அளவு கேட்கவில்லை. நீலம் முடிகிற இடத்தில் செங்கல்லை வைத்தார். பாதி எழும்பியபோது அந்தப் பக்கமிருந்து கோவிந்தராசு கத்தினான்:

“அந்த நீலச் செவுத்துக்குள்ள பட்டப் பகல்ல லைட்டு போட்டுக்கிட்டு இருட்டுலயே கெட!”

“என் பாகத்து இருட்டுங்க, மாமா. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கலவை மேல வுழும்.”

கொத்தனார் அடுத்த வரிசைக்குக் கலவை போட்டார்.